ஆயில் அக்காவின் எஞ்சின்

முடிச்சூரில் வாடகைக்கு வீடு பார்க்கப் போன அன்று, வீட்டுக்காரம்மாவின் முகத்தைப் பார்க்கும் முன்னால் அவளுடைய கால்களைத்தான் பார்த்தோம். வீட்டை ஒட்டிய காலி மனையில் ஒரு குட்டியானை நின்றிருந்தது. தண்ணீர் கேன் ஏற்றுகிற சின்ன லோடு வண்டி. அதற்கு அடியிலிருந்து கொலுசு போட்ட இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. கீழே விரித்திருந்தது யார் வீட்டுக் காதுகுத்துக்கோ அடித்த ஃப்ளெக்ஸ் பேனர். மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய ஒரு குழந்தை, பாதி முகம் அந்தக் கால்களுக்கு அடியில் மாட்டிக்கொள்ள, மீதி முகத்தால் எங்களைப் பார்த்துச் சிரித்தது.

என் கணவர் குனிந்து, “வீட்டு ஓனர் இருக்காங்களா?” என்று கால்களிடம் கேட்டார்.

“நான்தான். கொஞ்சம் நில்லுங்க, எண்ணெ வடிஞ்சிகினு கீது.”

எண்ணெய் வடியும்வரை வெயிலில் நின்றோம். கடைசிச் சொட்டு விழாமல் அவள் வெளியே வரமாட்டாள் என்பது அப்போது எங்களுக்கு எப்படித் தெரியும்? ஒருவழியாக வந்தாள். நாற்பதைத் தாண்டியிருக்கும். நைட்டிக்கு மேல் ஆம்பிளைச் சட்டை, முழங்கை வரைக்கும் கறுப்பு. எத்தனை பேர், சைவமா அசைவமா, சொந்தக்காரர்கள் வந்து தங்குவார்களா என்றெல்லாம் வீட்டுக்காரர்கள் கேட்பார்களே, அதெல்லாம் ஒன்றும் கிடையாது. எங்கள் ஸ்கூட்டரைத்தான் பார்த்தாள்.

“இதுக்குக் கடைசியா எப்ப எண்ணெ மாத்துனீங்க?”

என் கணவர் என்னைப் பார்த்தார். நான் தென்னை மரத்தைப் பார்த்தேன்.

“சர்வீஸ்ல விட்டோம். மாத்தியிருப்பாங்க.”

“இருப்பாங்களா? தெருமுனைல வரசொல்லவே காதுல வுழுந்துது. வண்டி இருமுது சார்.”

இந்த அம்மாவோடு எப்படிக் காலம் தள்ளுவது என்று மாடிப்படி ஏறும்போதே எனக்குக் கவலை வந்துவிட்டது. ஆனால் வீட்டில் காற்று நன்றாக வந்தது. தாம்பரத்தில் நான் கணக்கு டீச்சராக இருந்த பள்ளிக்கூடத்துக்கு ஒரே பஸ். சரி என்று சொல்லிவிட்டோம்.

தெருவில் எல்லோருக்கும் அவள் ஆயில் அக்கா. பெற்றவர்கள் வைத்த பெயர் எனக்குத் தெரியும், ஆனால் அந்தப் பெயரில் யாரும் அவளைக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அவளும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நான் டீச்சரு. முடிச்சூர் மனைகளாகிறதற்கு முன்னால் அவள் அப்பாவுக்கு அங்கே நிலம் இருந்ததாம். தண்ணீர் இறைக்கிற டீசல் எஞ்சினுக்கு எண்ணெய் மாற்றுவது அந்த வீட்டில் பாத்திரம் துலக்குவது மாதிரி, யார் சும்மா இருக்கிறார்களோ அவர்கள் செய்கிற வேலை. அப்படிக் கற்றுக்கொண்டதுதான். அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை என்றுதான் அவளும் சொல்வாள்.

கீழ்வீட்டு முன்னறையில் அவள் கணவர் கட்டிலில் இருப்பார். அவரை நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். திருமுடிவாக்கத்தில் ஒரு சின்னப் பட்டறையில் வருஷக்கணக்காக கிரைண்டிங் வேலை. கல்லும் இரும்பும் உரசிப் பறக்கிற தூளை மூக்கில் ஒரு கைக்குட்டையோடு சமாளித்தவர். பிறகுதான் லோடு வண்டி வாங்கி ஓட்டினார். கொஞ்ச காலம்தான் ஓட்டினார், அதற்குள் நுரையீரல் போய்விட்டது. அதன் பிறகு வண்டியை அக்கா எடுத்துக்கொண்டாள். அண்ணன் மூக்கில் குழாய், கட்டில் பக்கத்தில் இடுப்புயரத்துக்கு ஓர் ஆக்சிஜன் மெஷின். கரண்ட் இருக்கும்வரை அது புஸ், புஸ் என்று அவருக்கு மூச்சு கொடுத்துக்கொண்டிருக்கும்.

கரண்ட் போனால்? அதற்குத்தான் மொட்டைமாடியில் ஒரு பெட்ரோல் ஜெனரேட்டர். முன்பு ஒரு தடவை வந்த பெரிய வெள்ளத்துக்குப் பிறகு முடிச்சூரில் யாரும் எஞ்சின், மோட்டார் எதையும் தரையில் நம்பி வைப்பதில்லை. அக்கா வீட்டு ஜெனரேட்டர் மூன்று பக்கம் திறந்த ஒரு தகரக் கொட்டகையில் இருந்தது, அதாவது சரியாக எங்கள் படுக்கையறைக்கு மேலே. ஐயோ, அந்தச் சத்தம்! பரீட்சைப் பேப்பர் திருத்த உட்கார்ந்தால்தான் கரண்ட் போகும். கரண்ட் போனால் அக்கா திடுதிடுவென்று படியேறுவாள், கயிற்றை இழுப்பாள், என் தலைக்கு மேல் அது கத்த ஆரம்பிக்கும். கீழே ஒரு மனுஷன் மூச்சு விடுவதற்காகத்தான் கத்துகிறது என்று தெரியும். தெரிந்தே சபித்திருக்கிறேன். நான் ஒன்றும் தேவதை கிடையாது.

அவள் எண்ணெய் மாற்றுவதை வேடிக்கை பார்க்கலாம். முதலில் எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுச் சூடாக்குவாள். பிறகு நிறுத்தி, அடிப்போல்ட்டைக் கழற்றி, குழந்தையைக் குளிப்பாட்டுகிற பழைய பேசின் ஒன்றில் வடிப்பாள். வடிந்ததில் ஒரு விரலைத் தொட்டு, கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்து, மோந்து பார்ப்பாள். பார்த்துவிட்டுக் காம்பவுண்டு சுவரில் தேய்ப்பாள். சுண்ணாம்பு அடித்த சுவர் முழுக்க அவள் விரல்தான். போல்ட்டைத் திரும்பப் போடும்போது அதன் கழுத்தில் ஒரு புதுச் செப்பு வாஷர் போடவேண்டும், இல்லாவிட்டால் ஒழுகும். அந்த வாஷரை எங்கே வைத்திருப்பாள் தெரியுமா? தாலிக்கயிற்றில். மற்றவர்கள் தாலியில் ஊக்கு மாட்டியிருப்பார்கள். இவள் ஊக்குகளுக்கு நடுவே ஜெனரேட்டருக்கு உள்ள செப்பு வாஷர் ஒன்றை மாட்டியிருப்பாள். போட்டதும் கடையில் இன்னொன்று வாங்கி மாட்டிவிடுவாள்.

“என்னக்கா இது, தாலியில போய்!”

“வேற எங்க வெச்சாலும் தொலைஞ்சி பூடுது டீச்சரு. இதத் தொலைக்க முடியாதுல்ல?”

வடித்த பழைய எண்ணெயையும் வீணாக்க மாட்டாள். கான்கிரீட்டுக்கு முட்டுக்கொடுக்கிற சென்ட்ரிங் வேலைக்காரர்கள் பலகைக்குத் தடவ வாங்கிப் போவார்கள். மீதியைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றித் தெருவுக்கே விநியோகம். எங்கள் நிலைக்கதவில் கரையான் வந்திருக்கிறது என்று நான் தெரியாத்தனமாக வாய்விட்டுவிட்டேன். அன்று மாலையே ஒரு பாட்டில் வந்துவிட்டது.

“ஜெனரேட்டர்ல வடிச்சது. பிரஷ்ஷால பூசு. கரையான் இந்தப் பக்கமே வராது.”

அந்தக் கறுப்பையும் நாற்றத்தையும் வைத்துக்கொண்டு நான் கதவுக்குப் பூசுவதாவது. சிங்க்குக்கு அடியில், பினாயில் டப்பாவுக்குப் பின்னால் தள்ளிவிட்டேன்.

ஒழுங்காக எண்ணெய் மாற்றுவது வேறு, இவள் செய்தது வேறு. அதைச் சொல்லியாகவேண்டும். எவ்வளவு ஓடினால் மாற்றவேண்டும் என்று எஞ்சினுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. அவளுக்கு அந்தக் கணக்கெல்லாம் கிடையாது. நிறம் மாறினால் மாற்றவேண்டும், அவ்வளவுதான். நாங்கள் குடிவந்த புதிதில் என் கணவர் சர்வீஸ் கடையில் ஸ்கூட்டருக்குப் பக்கத்தில் நின்று புது எண்ணெய் ஊற்றவைத்து, ஊரெல்லாம் சுற்றிவிட்டு வந்தார். நாங்கள் ஒரு கல்யாணத்துக்குப் பஸ்ஸில் போய்த் திரும்புவதற்குள் அக்கா அதை வடித்துவிட்டு வேறு ஊற்றிவைத்திருந்தாள். என் கணவர் சாதுதான். அன்றைக்குக் குதித்துவிட்டார்.

“அக்கா, இப்பதான் மாத்தினது! நல்ல எண்ணெய்க்கா அது!”

“நல்ல எண்ணெயா? கறுப்பா கீதே.”

“ஓடினா கறுக்கத்தான் செய்யும்!”

“அதெல்லாம் எனுக்குத் தெரியாது. கறுப்புன்னா கறுப்புதான்.”

உள்ளேயிருந்து அண்ணன் குரல் வந்தது. அவருக்கு ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் பேச வராது, துண்டு துண்டாகத்தான் வரும்.

“கறுத்தா… கெட்டுச்சுன்னு… அர்த்தமில்லடி. அது வேல செய்யுதுன்னு… அர்த்தம்.”

“நீ சும்மா கெட” என்றாள் அக்கா. அவர் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்க நெடுநேரம் ஆனது. அவள் ஸ்பேனரோடு வாசலில் அசையாமல் நின்று, அது நிற்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தாள்.

அண்ணன் அவளை விடமாட்டார். “என்னையும்… கவுத்துப் போட்டு… மாத்திடேன்” என்பார். “டீச்சர்… எனக்கும்… போல்ட் எங்கனா… இருக்கான்னு… தேடிகினு கீறா.” நான் சிரிப்பேன். அது வெறும் வேடிக்கை இல்லை என்று தாம்பரத்து டாக்டர் முன்னால் உட்கார்ந்திருந்த அன்றுதான் எனக்கு விளங்கியது.

நெஞ்சு டாக்டரிடம் பேச ஆள் வேண்டும் என்று என்னைத் துணைக்குக் கூட்டிப்போயிருந்தாள். டாக்டர் இளைஞர், பொறுமையான பையன். எக்ஸ்ரே படத்தை விளக்கில் மாட்டி இங்கே இவ்வளவு, அங்கே அவ்வளவு என்று காட்டினார். அக்கா முழுக்கக் கேட்டாள். பிறகு சேலையால் கையைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

“சார், உள்ள கீற கசடு… அத வடிக்க முடியாதா? கொஞ்சம் கொஞ்சமா வடிச்சிட்டா?”

“சளி இல்லம்மா இது. தூசு உள்ளயே இறுகிப் போயிருக்கு. வடிக்கிற நிலைமையெல்லாம் தாண்டிடுச்சு.”

“சுத்தமா தாண்டிட்சா? சூடு கீடு பண்ணா எளகாதா சார்?”

டாக்டர் என்னைப் பார்த்தார். டீச்சர், நீங்கள் எடுத்துச் சொல்லுங்கள் என்கிற மாதிரி. நான் என்னத்தைச் சொல்ல? அக்கா இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “சரி சார்” என்று எழுந்துகொண்டாள்.

வீட்டுக்கு வந்து இறங்கினதும் நேரே வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துவிட்டாள். முந்தின வாரம்தான் அதற்கு மாற்றியிருந்தாள். எனக்கு மாடிக்குப் போக மனம் வரவில்லை. பேனர் ஓரத்தில் உட்கார்ந்தேன். அடியிலிருந்து அவளாகவே பேசினாள்.

“மொத மொத என்னைக்குத் தெரிஞ்சுதுன்னு சொல்லட்டா டீச்சரு? ஒரு நாள் பல் தேச்சிகினு இருந்தாரு. துப்பினாரு. வாஷ்பேசினுல கறுப்பா கீது. இன்னாயா இதுன்னேன். பட்டறைத் தூசு, போய்டும்னாரு. நானும் தண்ணி ஊத்திக் கழுவி வுட்டுட்டேன். இந்த வண்டி எண்ணெ கறுத்துதுன்னா மறுநாளே மாத்துறவ, அத மட்டும் கழுவி வுட்டுட்டேன்.”

“அன்னைக்கே தெரிஞ்சிருந்தாலும் என்னக்கா பண்ணியிருக்க முடியும்?”

“அதான். இன்னா பண்ணியிருக்க முடியும்?” என்றாள். போல்ட் கழன்று பேசினில் எண்ணெய் கொட்டுகிற சத்தம் கேட்டது.

அதன் பிறகு அவள் தெரு ஸ்கூட்டர்களை எல்லாம் மோந்துகொண்டு திரிந்தபோது எனக்குக் கோபம் வரவில்லை. ஏன்க்கா இப்படி என்று கேட்கவும் முடியாது, விடுக்கா என்று சொல்லவும் முடியாது. காபி போட்டுக் கொடுப்பேன். எண்ணெய்க் கையோடு டம்ளரைப் பிடித்துக் குடிப்பாள்.

பிறகு அந்த டிசம்பர் மழை. விடாமல் கொட்டியது. ஏரி நிரம்பிவிட்டது என்று காலையில் சொன்னார்கள், கரண்ட்டை நிறுத்தினார்கள், மத்தியானத்துக்குள் தண்ணீர் வாசல்படி ஏறிவிட்டது. என் கணவர் ஆபீஸில் மாட்டிக்கொண்டார். தெரு ஆட்கள் அண்ணனை நாற்காலியோடு தூக்கிவந்து எங்கள் ஹாலில் இறக்கிவிட்டு, அவரவர் வீட்டைப் பார்க்க ஓடினார்கள். அக்கா ஏறினாள், இறங்கினாள், ஏறினாள். மெஷின் வந்தது, அவசரத்துக்கு வைத்திருந்த குட்டி ஆக்சிஜன் சிலிண்டர் வந்தது, மருந்து, அரிசி, பெட்ரோல் கேன்கள், கல்யாண ஃபோட்டோ, உப்பு ஜாடி உட்பட எல்லாம் வந்தது. மேலே ஜெனரேட்டர் கத்தத் தொடங்கியது. இத்தனை நாள் அதைச் சபித்த நான், அது நின்றுவிடக்கூடாதே என்று காதை மேலேயே வைத்துக்கொண்டு சமைத்தேன்.

மறுநாள் முற்பகலில் அது நின்றது.

அண்ணனைச் சிலிண்டருக்கு மாற்றிவிட்டு அக்கா மேலே ஓடினாள். நான் எதற்கென்று தெரியாமல் குடையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். பெட்ரோல் இருந்தது. எண்ணெய் மூடியைத் திருகி, அதில் ஒட்டியிருக்கிற அளவுக் குச்சியை எடுத்துப் பார்த்தாள். நுனிகூட நனையவில்லை. சின்ன எஞ்சின், ராவும் பகலும் நிறுத்தாமல் ஓடினதில் எண்ணெயைக் குடித்துவிட்டது. எண்ணெய் குறைந்தால் தானாகவே நின்றுவிடுமாம், திரும்ப ஏற்றுகிறவரை கிளம்பாதாம். பாதுகாப்புக்காக அப்படி ஏற்பாடு. யாருடைய பாதுகாப்புக்கு என்று நான் இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

“புது டப்பா எங்கக்கா?”

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அப்படி ஒரு முகத்தை அவளிடம் நான் பார்த்ததில்லை.

“வண்டில. சீட்டுக்குப் பின்னால.”

எட்டிப் பார்த்தேன். பள்ளமான காலி மனையில் வண்டியின் கூரைகூடத் தெரியவில்லை. தண்ணீர்தான் இருந்தது. அதில் அவளுடைய நீலக் கேன்கள் மிதந்துகொண்டிருந்தன.

“எல்லாத்தையும் தூக்குனேன் டீச்சரு. உப்பு ஜாடியத் தூக்குனேன். எண்ணெய மறந்துட்டேன். நான் போயி எண்ணெய மறந்துட்டேன் பாரு.”

சொல்லிக்கொண்டே கீழே இறங்கினாள். நான் கத்தினேன், கேட்கவில்லை. மார்பளவு தண்ணீரில் வாசலைத் தாண்டினாள். இழுப்பு அவளைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டு போனது. கேட் கம்பியைப் பிடித்துத் தொங்கி, எப்படியோ திரும்பிவந்து படியில் விழுந்தாள். அவளுக்கு நீச்சல் தெரியாது. எனக்கும் தெரியாது. தெருவில் கூப்பிடு தூரத்தில் யாரும் இல்லை, போன் முந்தின நாளே செத்துவிட்டது.

ஹாலில் சிலிண்டர் முள் சிவப்பில் நின்றது. அண்ணன் உதடு நிறம் மாறிக்கொண்டிருந்தது. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, “மெதுவா மூச்ச இழுங்கண்ணே, மெதுவா” என்றேன். பல வருஷமாக அந்த ஒரு வேலையை மட்டுமே செய்துகொண்டிருக்கிற மனுஷனிடம் நான் சொன்ன புத்திமதி அது. சுவரில் சாய்ந்து நனைந்துபோய் நின்ற அக்காவைப் பார்த்ததும் எனக்கு மூளை கலங்கிவிட்டது.

“அக்கா, நல்லெண்ணெய் ஊத்தலாமா? ரெண்டு பாட்டில் இருக்கு.”

அண்ணன் கண்ணைத் திறந்தார்.

“அப்பளமா… பொரிக்கப்… போறீங்க?”

அந்த நேரத்தில் சிரித்தார், பாவி மனுஷன். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. மூக்கைத் துடைக்கத் துணி தேடிச் சமையலறைக்குள் போனேன். அங்கேதான், சிங்க்கைப் பார்த்ததும், பினாயில் டப்பாவும் அதற்குப் பின்னால் நான் தள்ளின பாட்டிலும் ஞாபகம் வந்தது. கரையானுக்குக் கொடுத்த பழைய எண்ணெய். அப்படியே மண்டியிட்டு டப்பாக்களை வாரி எறிந்தேன். பாட்டில் நிறைய இருந்தது.

அக்கா அதை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். வெளிச்சம் கொஞ்சமும் உள்ளே போகவில்லை.

“கறுப்பு” என்றாள்.

“அக்கா!”

“இத எப்டி டீச்சரு ஊத்துறது? நான் வடிச்சத நானே எப்டி ஊத்துறது?”

ஒரு கறுத்த சொட்டை எஞ்சினில் விட்டுவைக்காதவள். நான் திட்டிவிட்டேன். என்ன வார்த்தை சொன்னேன் என்று எழுத முடியாது, டீச்சர் பேசுகிற பேச்சில்லை. அதற்குள் அண்ணன் நாற்காலிக் கையில் தட்டினார்.

“ஊத்து…டி.”

ஊற்றினாள். என் கணவரின் கைக்குட்டையைப் புனலில் விரித்து வடிகட்டி, மழை விழாமல் குனிந்து முதுகால் மறைத்துக்கொண்டு ஊற்றினாள். கயிற்றை இழுத்தாள். வெறும் இருமல். மறுபடி இழுத்தாள். நான் குடையைத் தூர எறிந்துவிட்டு அவளோடு சேர்ந்து கயிற்றைப் பிடித்தேன். இரண்டு பேருமாக இழுத்ததில் அது பிடித்துக்கொண்டது. புகை விட்டது, குலுங்கியது, ஓடியது. தண்ணீர் தேங்கின மொட்டைமாடியில் அப்படியே உட்கார்ந்து நான் ஓவென்று அழுதேன்.

அவள் அழவில்லை. தலையில் ஒரு அரிசிப் பையைக் கவிழ்த்துக்கொண்டு எஞ்சின் பக்கத்திலேயே குந்திவிட்டாள். நாள் முழுக்க அங்கேதான். சாப்பாடு கொண்டுபோனேன், தொடவில்லை. பெட்ரோல் டாங்க் மேல் கையை வைத்துக்கொண்டு, “ஓடு ராசா, ஓடு. கறுப்பா இர்ந்தா இன்னா, ஓடு” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மறுநாள் படகில் வந்தவர்கள் அண்ணனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறவரை அந்தக் கறுப்பு எண்ணெயில்தான் ஓடியது.

தண்ணீர் வடிந்ததும் தெருவே சேற்றை வாரிக்கொண்டிருந்தது. அக்கா மட்டும் புது எண்ணெய் வாங்கிவந்து ஜெனரேட்டருக்கு மாற்றினாள். வடித்த அந்த எண்ணெயை மட்டும் சென்ட்ரிங்காரருக்குக் கொடுக்கவில்லை. திரும்ப அதே பாட்டிலில் ஊற்றி என்னிடம் கொடுத்தாள். “வெச்சிரு டீச்சரு” என்றாள். இந்தத் தடவை சிங்க்குக்கு அடியில் முன்வரிசையில் வைத்தேன்.

அண்ணன் திரும்பி வந்தார், இன்னும் மெலிந்து. சித்திரையில் ஒரு மத்தியானம் இறந்துபோனார். வெள்ளம் இல்லை, கரண்ட் கட் இல்லை. ஜெனரேட்டருக்கு முந்தின நாள்தான் எண்ணெய் மாற்றியிருந்தாள். பள்ளிக்கு லீவு, நான் வீட்டில் இருந்தேன். “டீச்சரு” என்று கீழேயிருந்து ஒரு குரல், சத்தம்கூடப் போடவில்லை. ஓடினேன். ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. மெஷின் புஸ், புஸ் என்று அவர் மூக்குக்குக் காற்றை அனுப்பிக்கொண்டே இருந்தது. அவர் வாங்கிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

“கரண்ட் கீது டீச்சரு. மெஷின் ஓடுது. டியூப் சரியா கீது, பாத்துட்டேன். அப்பறம் இன்னா?” என்று கேட்டாள். “அப்பறம் இன்னா டீச்சரு?”

அவளைக் கட்டிக்கொண்டேன்.

காரியம் முடிந்தது. அன்று தாலியைக் கழற்றினார்கள். பெண்கள் சுற்றி உட்கார்ந்திருந்ததில் எனக்கு ஒன்றும் சரியாகத் தெரியவில்லை, பார்க்கவும் பிடிக்கவில்லை. சொந்தக்காரர்கள் போனபிறகு அக்கா மறுபடியும் தண்ணீர் கேன் எடுத்துக்கொண்டு போக ஆரம்பித்தாள். வெள்ளத்தில் மூழ்கின அந்த வண்டியைத்தான் எப்படியோ ஓடவைத்திருந்தாள். வேளைக்குச் சமைத்தாள், கேட்டால் பேசினாள். தெருவில் ஒரு ஸ்கூட்டர் இருமிக்கொண்டு போனால் மட்டும் திரும்பிப் பார்ப்பதில்லை.

அப்புறம் ஒரு நாள் சாயங்காலம் கரண்ட் போனது. பள்ளி திறந்தும் வெயில் தணியாத நாள், வழக்கமாகப் போகிற நேரம்தான். நான் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தேன். கை தானாக நின்றது. படியில் திடுதிடு சத்தம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. தலைக்கு மேல் ஒரு சத்தமும் இல்லை. எத்தனை நாள் இந்த அமைதிக்கு வேண்டியிருக்கிறேன்! சிவப்புப் பேனாவை மூடிவிட்டு எழுந்தேன், உட்கார்ந்தேன், திரும்ப எழுந்தேன். கொஞ்ச நேரத்துக்கு மேல் தாங்க முடியவில்லை. என்ன நினைப்பில் போனேன் என்று தெரியாது, மொட்டைமாடிக்குப் போய் அவள் செய்கிற மாதிரியே சுவிட்சைத் தட்டி, கயிற்றைப் பிடித்து இழுத்தேன். கிளம்பவில்லை. இழுத்தேன், இழுத்தேன், இருமக்கூட இல்லை.

“இழுக்காத டீச்சரு.”

கொடியில் துணி எடுக்க வந்திருந்தாள். கையில் காலி வாளி.

“எண்ணெ இல்ல அதுல. வடிச்சிட்டேன்.”

“புதுசு ஊத்தலியாக்கா?”

“யாருக்கு?” என்றாள்.

துணிகளை உருவி வாளியில் போட்டுக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள். கயிற்றை விட்டுவிட்டு எஞ்சின் பக்கத்தில் குந்தினேன். சேறு, புகைக்கரி எதுவும் இல்லாமல் துடைத்துவைத்திருந்தாள். அடிப்போல்ட்டைப் பார்த்தேன். அதன் கழுத்தில் ஒரு செப்பு வாஷர், புதுசு, சாயங்கால வெளிச்சத்தில் நன்றாகத் தெரிந்தது. அவள் தாலிக்கயிற்றில் ஊக்குகளுக்கு நடுவே கடைசியாக மாட்டியிருந்த வாஷர். தொலைக்கக் கூடாதென்று அதை அங்கே போட்டு முறுக்கியிருந்தாள். போல்ட்டுக்கு அடியில் விரலை வைத்துப் பார்த்தேன். ஒரு சொட்டு ஒழுகவில்லை. ஒழுகுவதற்கு உள்ளே ஒன்றும் இல்லை.